ஹூ, விச், தட் வந்தால் கமா எப்போது? கொள்முதல் ஒப்பந்த வாசகத்தில் சந்தேகம்

காவேரிப்பட்டினம் கணக்கர்:

வணக்கம். மாங்கூழ் ஃபேக்டரி ஒன்றுக்காக, விவசாயிகளோடு போடும் கொள்முதல் ஒப்பந்தத்தை ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். தமிழ்ப் படிவம் கையில் இருக்கிறது. வெளிநாட்டில் சரக்கு எடுப்பவர்களுக்கும் ஆடிட்டருக்கும் ஆங்கிலப் படி வேண்டுமாம். ஹூ, விச், தட் வரும் இடங்களில் கமா போடுவதா வேண்டாமா என்பதுதான் சிக்கல். மூச்சு விடும் இடத்தில் போடு என்கிறார் ஒருவர். விச்சுக்கு முன்னால் எப்போதும் போடு என்கிறார் இன்னொருவர். வேர்டு தன் பங்குக்கு நீலக் கோடு போடுகிறது.

எல்லோரும் தடையில்லாமல் படிக்கட்டும் என்று ஆங்கில வாக்கியங்களையும் தமிழெழுத்திலேயே தருகிறேன். கமாக்களை மட்டும் நன்றாகப் பாருங்கள்.

1. ஃபார்மர்ஸ், ஹூ சப்ளை தோத்தாபுரி, வில் பி பெய்டு வித்தின் 15 டேஸ்.
2. தி கிரேட்ஸ் விச் ஆர் டேமேஜ்டு, வில் நாட் பி ரிட்டர்ன்டு.
3. தி ஃபேக்டரி விச் இஸ் நியர் காவேரிப்பட்டினம் ரன்ஸ் ஃப்ரம் மே டு ஜூலை.
4. தி பல்ப், தட் ஃபெயில்ஸ் தி பிரிக்ஸ் டெஸ்ட், வில் பி ரிஜெக்டட்.
5. எனி ஃபார்மர், ஹூ யூசஸ் கார்பைடு, வில் பி ரிமூவ்டு ஃப்ரம் தி லிஸ்ட்.
6. தி டிரக்ஸ் ஆர் வெய்டு டுவைஸ் விச் டேக்ஸ் ஆன் ஹவர்.

எது சரி, எது தப்பு, ஏன் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

---

அரூர் வாத்தியார்:

மூச்சுக் கணக்கை முதலில் மூட்டை கட்டி வையுங்கள் சார். உங்கள் 2-ஆம் வாக்கியம் அதனால்தான் கெட்டது. "தி கிரேட்ஸ் விச் ஆர் டேமேஜ்டு" (கிரேட் என்றால் பழம் வரும் பெட்டி) என்பது வரை எழுவாய். நீளமான எழுவாய் ஆகையால், அது முடிந்ததும் வாய் தானாக நிற்கிறது. கையும் அங்கே ஒரு கமாவைப் போட்டுவிடுகிறது. எழுவாய்க்கும் வினைக்கும் நடுவே ஒற்றைக் கமா விழக்கூடாது. அங்கே இரண்டு கமா வரலாம், அல்லது ஒன்றுமே வராமல் இருக்கலாம். ஒன்று மட்டும் வந்தால் தப்பு. நம் பிள்ளைகளின் விடைத்தாளில் அதிகமாகச் சுழிக்கப்படும் கமா இதுதான்.

இரண்டா, ஒன்றுமில்லையா என்று எப்படி முடிவு செய்வது? ஆங்கிலத்தில் யோசிக்காமல் தமிழில் யோசியுங்கள். தமிழில் "யார் ... கிறார்களோ அவர்கள்", "எது ... கிறதோ அது" என்று ஓர் அமைப்பு உண்டு. உங்கள் வாக்கியத்தை அதில் போட்டுப் பாருங்கள். அது பொருந்தி, நீங்கள் சொல்ல வந்ததும் அதுவே என்றால் கமா கிடையாது. பொருந்தாமல் இளித்தாலோ, பொருள் மாறினாலோ இரண்டு கமா.

1-ஆம் வாக்கியத்தை எடுப்போம்.

யார் தோத்தாபுரி கொடுக்கிறார்களோ அவர்களுக்கு 15 நாளில் பணம்.

நீங்கள் சொல்ல வந்தது இதுதானே? அப்படியென்றால் உங்கள் இரண்டு கமாவையும் எடுத்துவிட வேண்டும்:

ஃபார்மர்ஸ் ஹூ சப்ளை தோத்தாபுரி வில் பி பெய்டு வித்தின் 15 டேஸ்.

நீங்கள் கமா போட்டு எழுதியிருப்பதன் பொருள் வேறு: "விவசாயிகளுக்கு 15 நாளில் பணம் தரப்படும், அவர்கள் தோத்தாபுரி கொடுப்பவர்கள்." இதில் தோத்தாபுரி வெறும் தகவல், நிபந்தனை இல்லை. நீலம், அல்போன்சா என்று வேறு ரக மாம்பழம் இறக்கியவர் வந்து "விவசாயிகளுக்கு என்றுதானே போட்டிருக்கிறது, என் பணம் எங்கே?" என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது.

இதில் நம்மவர்கள் ஏன் தடுமாறுகிறோம் என்றால், தமிழில் இந்த இரண்டுக்கும் ஒரே பெயரெச்சம்தான். "காவிரி பாயும் ஊர்கள்" என்றால் பாயாத ஊர்களை ஒதுக்கிவிட்டுச் சொல்கிறோம். "காவிரி பாயும் ஒகேனக்கல்" என்றால் எதையும் ஒதுக்கவில்லை. ஒகேனக்கல் ஒன்றுதான், காவிரி அதற்கு அடைமொழி. இரண்டு இடத்திலும் "பாயும்" ஒன்றே, நடுவில் புள்ளி எதுவும் கிடையாது. எது எந்தப் பொருள் என்று கேட்பவருக்குத் தானாகத் தெரிந்துவிடுகிறது. ஆங்கிலத்தில் அந்த வேலையைக் கமாதான் பார்க்கிறது. முதல் வகையை எசென்ஷியல் அல்லது டிஃபைனிங் என்பார்கள், இரண்டாவது நான்-எசென்ஷியல்.

தருமபுரி பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சொல்லிப் பாருங்கள்:

தி பஸ் விச் கோஸ் டு அரூர் ஹேஸ் லெஃப்ட்.
தி பஸ், விச் கோஸ் டு அரூர், ஹேஸ் லெஃப்ட்.

முதலாவதில் நிறைய பஸ் நிற்கிறது. எது அரூர் போகுமோ அது போய்விட்டது. இரண்டாவதில், எந்த பஸ் என்று பேசுகிற இருவருக்கும் முன்பே தெரியும். அது அரூர் வண்டி என்பது போகிற போக்கில் சொன்ன செய்தி.

இன்னொன்று. கமா இல்லாத இடத்தில் விச் வேண்டாம், தட் போடுங்கள். கமா இல்லாமல் விச் எழுதுவது தப்பு.

---

ப்ரூஃப் மேசை:

வாத்தியார் ஐயாவின் "யாரோ அவர்" சோதனை எனக்குப் புதிது, இனி நானும் பயன்படுத்துவேன். கடைசி வரியை மட்டும் ஒப்புக்கொள்ள முடியவில்லை. கமா இல்லாத விச் தப்பில்லை. பிரிட்டிஷ் வழக்கில் டிஃபைனிங் இடத்தில் விச்சும் வரும், தட்டும் வரும். நம் ஊர் ஆங்கிலம் பெரும்பாலும் அந்த வழிதான். தட்டை டிஃபைனிங்குக்கும், விச்சை மற்றதுக்கும் ஒதுக்கினால் நன்றாயிருக்கும் என்று 1926-இல் யோசனை சொன்னவர் ஆங்கில வழக்கு அகராதி எழுதிய ஃபௌலர். நல்ல எழுத்தாளர்கள் எல்லோரும் அப்படித்தான் எழுதுகிறார்கள் என்று அவரே சொல்லவில்லை. அமெரிக்க எடிட்டர்கள் பின்னாளில் அதைச் சட்டம்போலப் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்காவுக்குப் போகும் படி என்றால் ஐயா சொன்னபடி செய்வது பாதுகாப்பு. இல்லாவிட்டால் கட்டாயம் இல்லை.

மறுபக்கம் மட்டும் எங்கேயும் அசையாது: இரண்டு கமாவுக்கு நடுவில் தட் வராது. அதனால் 4-ஆவது இரண்டு விதத்தில் தப்பு. தட்டுக்கு முன்னால் கமா இருப்பது முதல் தப்பு. கமாவை வைத்துக்கொண்டு தட்டை விச் ஆக்கினாலும் தீராது. கூழ் மொத்தமும் பிரிக்ஸ் டெஸ்டில் (சர்க்கரை அளவுச் சோதனையில்) தோற்றது, மொத்தமும் திருப்பி அனுப்பப்படும் என்றாகிவிடும். கமாவை எடுங்கள், தட் இருக்கட்டும். அப்படியே "ஃபெயில்ஸ் தி டெஸ்ட்" என்று மொட்டையாக விடாமல் எண்ணைப் போடுங்கள். தோத்தாபுரிக்கு வழக்கமாகக் கேட்பது குறைந்தது 14 பிரிக்ஸ்:

பல்ப் தட் மெஷர்ஸ் பிலோ 14 பிரிக்ஸ் வில் பி ரிஜெக்டட்.

3-ஆவதுக்குப் பதில் சொல்ல நீங்கள் எனக்கு ஒன்று சொல்ல வேண்டும்: உங்களுக்கு ஃபேக்டரி எத்தனை? ஒன்றுதான் என்றால் இரண்டு கமா வேண்டும்:

தி ஃபேக்டரி, விச் இஸ் நியர் காவேரிப்பட்டினம், ரன்ஸ் ஃப்ரம் மே டு ஜூலை.

பர்கூர் பக்கம் இன்னொன்று இருந்தால் நீங்கள் எழுதியபடி கமா இல்லாமலே சரி. எங்கோ உட்கார்ந்து படிக்கும் ஆடிட்டருக்கு உங்களிடம் எத்தனை ஃபேக்டரி என்று சொல்வது இந்த இரண்டு கமாதான். கமா இல்லையென்றால் "அப்போ இன்னொரு ஃபேக்டரி எங்கே?" என்று அவர் கேட்பது நியாயம்.

5-ஆவதில் யோசிக்கவே வேண்டாம். எனி, எவ்ரி, ஆல், நோ, எனிஒன், எவ்ரிஒன், தோஸ் இவற்றில் ஒன்று முன்னால் நின்றால் பின்னால் வரும் ஹூ அநேகமாக எப்போதும் எசென்ஷியல்தான். "எந்த விவசாயியும் நீக்கப்படுவார்" என்று நிறுத்தினால் பொருளே இல்லை; யார் கார்பைடு போடுகிறாரோ அவர் என்றால்தான் பொருள் முடிகிறது. கமா இரண்டையும் எடுத்துவிடுங்கள்.

6-ஆவது வேறு ஜாதி. இங்கே விச் என்பது டிரக்கையும் குறிக்கவில்லை, வேறு எந்தப் பெயர்ச்சொல்லையும் குறிக்கவில்லை. முன்னால் சொன்ன காரியம் முழுவதையும் குறிக்கிறது. இரண்டு தடவை எடை போடுகிறார்கள், அதற்கு ஒரு மணி நேரம் ஆகிறது. இப்படி வாக்கியம் முழுவதையும் பிடித்துக்கொண்டு வரும் விச்சுக்கு முன்னால் கமா கட்டாயம். இன்னொரு கமா எங்கே என்று கேட்காதீர்கள். வாக்கியம் அங்கேயே முடிவதால் அதன் வேலையை முற்றுப்புள்ளி செய்துவிடுகிறது. ஆனாலும் ஒப்பந்தத்தில் இந்த மாதிரி விச்சை நான் விடமாட்டேன். பக்கத்தில் ஏதாவது பெயர்ச்சொல் வந்துவிட்டால் அதோடு ஒட்டிக்கொள்ளும். "வெயிங் டேக்ஸ் ஆன் ஹவர்" என்று தனி வாக்கியமாக்குங்கள்.

நீலக் கோடு பற்றி. வேர்டு உங்கள் அர்த்தத்தைப் படிப்பதில்லை. கமா இல்லாத விச் கண்ணில் பட்டால் "கமா போடு அல்லது தட் ஆக்கு" என்கிறது, அவ்வளவுதான். முதல் யோசனையைக் கிளிக் செய்துவிட்டுப் போய்விட்டால், உடைந்த கிரேட் மட்டும் திரும்பாது என்று எழுதியவர் எந்த கிரேட்டும் திரும்பாது என்று எழுதியவர் ஆகிவிடுவார். எசென்ஷியல் என்று உறுதியாகத் தெரிந்தால் தட் ஆக்குங்கள், இல்லையென்றால் இக்னோர் கொடுங்கள்.

சந்தேகம் தீராத இடத்துக்கு ஒரு குறுக்கு வழி: தட் அல்லது விச்சை விழுங்கிவிட்டுப் படித்துப் பாருங்கள். "தி மேங்கோஸ் தட் யூ சென்ட் வேர் கிரீன்" என்பதை "தி மேங்கோஸ் யூ சென்ட் வேர் கிரீன்" என்றும் சொல்லலாம். விழுங்க முடிந்தால் அது எசென்ஷியல், கமா கிடையாது. எதிர்ப்பக்கம் இது உதவாது: விழுங்க முடியாதது எல்லாம் நான்-எசென்ஷியல் ஆகிவிடாது. 4-ஆவதில் தட்டை விழுங்க முடியாது, ஆனாலும் அது எசென்ஷியல்தான்.

---

அரூர் வாத்தியார்:

விச் விஷயத்தில் அம்மா சொல்வது சரி. வகுப்பில் பிள்ளைகள் குழம்பாமல் இருக்கச் சொல்லிச் சொல்லி அதுவே விதி மாதிரி வாயில் வந்துவிட்டது. திருத்திக்கொள்கிறேன்.

---

தகடூரான்:

பெயர்கள் பற்றி யாரும் சொல்லவில்லையே. ஆள் பெயர், ஊர்ப் பெயர், ஆற்றின் பெயர் வந்துவிட்டால் அநேகமாக இரண்டு கமாதான். பெயர் சொன்னவுடனே எது என்று தெரிந்துவிட்டது, பின்னால் வருவது உபரி. வாத்தியார் சோதனையில் போட்டால் சிரிப்பு வரும்: "எந்த ராஜாஜி தொரப்பள்ளியில் பிறந்தாரோ அந்த ராஜாஜி" என்று யாராவது பேசுவார்களா?

ராஜாஜி, ஹூ வாஸ் பார்ன் இன் தொரப்பள்ளி நியர் ஓசூர், வாஸ் தி லாஸ்ட் கவர்னர் ஜெனரல் ஆஃப் இண்டியா.

சுப்பிரமணிய சிவா, ஹூ டைடு இன் பாப்பாரப்பட்டி இன் 1925, ஹேஸ் எ மெமோரியல் தேர்.

ஒரே துண்டு ஓரிடத்தில் எசென்ஷியல், இன்னோரிடத்தில் உபரி என்று மாறுவதற்கு நம் மாவட்டமே சாட்சி. தருமபுரி 1965-இல் சேலத்திலிருந்து பிரிந்தது. கிருஷ்ணகிரி 2004-இல் தருமபுரியிலிருந்து பிரிந்தது. இப்போது பாருங்கள்:

கிருஷ்ணகிரி, விச் வாஸ் ஃபார்ம்டு இன் 2004, டச்சஸ் ஆந்திரா.

ஆஃப் தி டூ டிஸ்ட்ரிக்ட்ஸ், தி ஒன் விச் வாஸ் ஃபார்ம்டு இன் 2004 டச்சஸ் ஆந்திரா.

"விச் வாஸ் ஃபார்ம்டு இன் 2004" இரண்டிலும் அப்படியே இருக்கிறது. முதலாவதில் அதை எடுத்தாலும் கிருஷ்ணகிரி ஆந்திராவைத் தொடும். இரண்டாவதில் எடுத்தால் எந்த மாவட்டம் என்றே தெரியாது. ஆகவே துண்டைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள், அதற்கு முன்னால் நிற்கும் சொல்லைப் பாருங்கள்.

பெயர் வந்தும் கமா வராத இடம் உண்டு. பெயருக்கு முன்னால் "தி" வந்து, ஒரே ஊரின் பல காலங்களில் ஒன்றைச் சுட்டும்போது:

தி தருமபுரி தட் மன்றோ நியூ ஹேட் நோ ரயில்வே.

ஆங்கிலேய அதிகாரி தாமஸ் மன்றோ 1792 முதல் 1799 வரை பாராமகாலில் (நம் பகுதியின் அந்தக் காலப் பெயர்) வேலை பார்த்தபோது இருந்த தருமபுரி வேறு, இன்றைய தருமபுரி வேறு. எந்த தருமபுரியோ அந்த தருமபுரி. இங்கே "எந்த" பொருந்துகிறது, கமா போகிறது.

உறவுமுறையில் ஒரு வேடிக்கை. நமக்கு அக்கா வேறு, தங்கை வேறு. ஆங்கிலத்தில் இருவரும் சிஸ்டர். "மை சிஸ்டர் ஹூ லிவ்ஸ் இன் பென்னாகரம்" என்று கமா இல்லாமல் எழுதினால் வேறு ஊரிலும் ஒரு சிஸ்டர் இருப்பதாக அர்த்தம். "மை சிஸ்டர், ஹூ லிவ்ஸ் இன் பென்னாகரம்," என்றால் உள்ளது ஒருவர்தான். "என் அக்கா பென்னாகரத்தில் இருக்கிறார்" என்று மனதில் நினைத்துக்கொண்டு அப்படியே ஆங்கிலத்துக்குத் தாவும்போது, தங்கையையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது மறந்துபோகும். பெயரை ஒட்டிப் போடும்போதும் கணக்கு இதேதான்: ஒரே தம்பி என்றால் பெயருக்கு இருபுறமும் கமா, நாலு பேர் என்றால் கமா இல்லை. ஆனால் இந்தக் கடைசி விதியை நல்ல பத்திரிகைகளே தளர்த்தித்தான் பிடிக்கின்றன. "மை பிரதர் முருகன்" என்று கமா இல்லாமல் எழுதியதற்காக யாரும் உங்களை மடக்க மாட்டார்கள்.

---

ஓசூர் டாக்குமெண்ட்:

இலக்கணம் எல்லாம் சரிங்க. கேட்டவர் எழுதுவது ஒப்பந்தம் என்பதை மறந்துவிட்டோம். பணம் கைமாறும் வாக்கியத்தை ஒரு கமாவின் மேல் நிறுத்தக்கூடாது. படி எடுக்கும்போது விழுந்துவிடும், ஸ்கேனில் புள்ளியாகத் தெரியும், யாராவது வேர்டின் யோசனையைக் கிளிக் செய்துவிடுவார்கள்.

கனடாவில் ரோஜர்ஸ் என்ற கேபிள் கம்பெனிக்கும் அலையன்ட் என்ற கம்பெனிக்கும் மின்கம்பங்களில் கேபிள் கட்டுவது பற்றி ஓர் ஒப்பந்தம் இருந்தது. அதன் சாரம்: 5 வருடம் நடக்கும், அதன்பின் ஐந்தைந்து வருடமாகத் தொடரும், ஒரு வருட நோட்டீஸ் கொடுத்து முறித்தாலொழிய. நடுவிலுள்ள "அதன்பின் ஐந்தைந்து வருடமாக" என்ற துண்டுக்கு முன்னாலும் கமா இருந்தது, பின்னாலும் கமா இருந்தது. 2006-இல் அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையம் என்ன சொன்னது தெரியுமா? பின்னாலிருக்கும் கமா அந்தத் துண்டை மூடிவிட்டது, ஆகவே நோட்டீஸ் நிபந்தனை முதல் 5 வருடத்துக்கும் சேர்த்துத்தான் என்றது. முதல் 5 வருடத்தில் யாரும் கை வைக்க முடியாது என்று நம்பியிருந்த ரோஜர்ஸ் மாட்டிக்கொண்டது. அடுத்த வருடம் அந்த ஒப்பந்தத்தின் பிரெஞ்சு வாசகத்தைப் பார்த்து ஆணையம் தீர்ப்பை மாற்றியது. அந்த வாசகத்தில் குழப்பத்துக்கு இடமே இல்லை. வழக்குக்குக் காரணமான ஆங்கில வாக்கியத்தில் ஹூவும் இல்லை விச்சும் இல்லை என்றாலும் கமாவின் வேலை இங்கே பேசுவதுதான்: இரண்டு கமா ஒரு துண்டை வாக்கியத்திலிருந்து தூக்கித் தனியே வைக்கிறது.

ஆகவே பணம் சம்பந்தப்பட்ட 1-ஐயும் நடவடிக்கை சம்பந்தப்பட்ட 5-ஐயும் பொருள் கமாவை நம்பி நிற்காதபடி மாற்றுங்கள்.

1: பேமெண்ட் வித்தின் 15 டேஸ் அப்ளைஸ் ஒன்லி டு தோத்தாபுரி. அதர் வெரைட்டீஸ் வில் பி பெய்டு ஆஸ் பெர் கிளாஸ் 7.

"ஒன்லி" என்ற ஒரு சொல் போதும். கிளாஸ் (ஒப்பந்தப் பிரிவு) எண் உங்கள் படிவத்தில் எதுவோ அதைப் போட்டுக்கொள்ளுங்கள்.

5: இஃப் எ ஃபார்மர் யூசஸ் கார்பைடு, தி கம்பெனி வில் ரிமூவ் ஹிஸ் ஆர் ஹெர் நேம் ஃப்ரம் தி லிஸ்ட்.

இஃப் முன்னால் வந்தால் அந்தப் பகுதி முடியும் இடத்தில் ஒரு கமா; இஃப் பின்னால் போனால் வழக்கமாகக் கமா கிடையாது. இந்தக் கமா விழுந்துபோனாலும் பொருள் மாறாது, அதனால்தான் இந்த அமைப்பைச் சொல்கிறேன். நீக்குவது யார் என்பதும் இப்போது தெரிகிறது. உங்கள் பழைய வாக்கியத்தில் "வில் பி ரிமூவ்டு" என்று இருந்தது. யார் நீக்குவார் என்றே இல்லை.

இரண்டு மொழிப் படிவம் என்றால், முரண்பாடு வந்தால் எந்த மொழி வாசகம் செல்லும் என்று ஒரு வரி கட்டாயம் போடுங்கள்.

---

காவேரிப்பட்டினம் கணக்கர்:

எல்லோருக்கும் நன்றி. ஃபேக்டரி ஒன்றுதான், ப்ரூஃப் மேடம். 1, 5 இரண்டையும் ஓசூர் சார் சொன்னபடியே மாற்றிவிட்டேன். மற்றவை இப்போது இப்படி:

2. கிரேட்ஸ் தட் ஆர் டேமேஜ்டு வில் நாட் பி ரிட்டர்ன்டு.
3. தி ஃபேக்டரி, விச் இஸ் நியர் காவேரிப்பட்டினம், ரன்ஸ் ஃப்ரம் மே டு ஜூலை.
4. பல்ப் தட் மெஷர்ஸ் பிலோ 14 பிரிக்ஸ் வில் பி ரிஜெக்டட்.
6. ஆல் டிரக்ஸ் ஆர் வெய்டு டுவைஸ். வெயிங் டேக்ஸ் ஆன் ஹவர்.

புதிதாக மூன்று சேர்ந்திருக்கிறது:

7. தி 3.1 கிலோ கேன்ஸ், விச் ஆர் பேக்டு சிக்ஸ் டு எ கார்ட்டன் மஸ்ட் பி ஸ்டோர்டு இன் எ ட்ரை பிளேஸ்.
8. தி கம்பெனி பைஸ் ஃப்ரம் 40 ஃபார்மர்ஸ் மோஸ்ட் ஆஃப் ஹூம் ஆர் ஃப்ரம் சந்தூர்.
9. தி கம்பெனி டிட் நாட் பை தி லோட் பிகாஸ் இட் வாஸ் சீப்.

9-ஆவது ஒப்பந்தத்தில் இல்லை, ஆடிட்டருக்குப் போகும் விளக்கக் கடிதத்தில் வருகிறது. பிகாஸுக்கும் இந்தக் கமா விதி உண்டா?

---

அரூர் வாத்தியார்:

உண்டு, முன்னால் "நாட்" இருக்கும்போது மட்டும் உயிர் போகிற அளவுக்கு உண்டு. மற்ற நேரங்களில் நடுவில் வரும் பிகாஸுக்குக் கமா தேவைப்படாது.

கமா இல்லாமல்: லோடை வாங்கினார்கள், ஆனால் மலிவு என்பதற்காக வாங்கவில்லை, வேறு காரணத்துக்காக.
பிகாஸுக்கு முன்னால் கமாவோடு: லோடை வாங்கவே இல்லை, அவ்வளவு மலிவாக இருந்ததால் சந்தேகப்பட்டு விட்டுவிட்டார்கள்.

தமிழில் இந்தக் குழப்பம் அவ்வளவாக இல்லை. "மலிவு என்பதற்காக வாங்கவில்லை", "மலிவாக இருந்ததால் வாங்கவில்லை" என்று நம்மிடம் இரண்டு உருபு இருக்கிறது. ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே பிகாஸ். ஆடிட்டர் இந்த வாக்கியத்தைப் படித்துவிட்டு சரக்கு கோடவுனில் இருக்கிறதா இல்லையா என்று கேட்பார். கமாவை நம்பாமல் திருப்பி எழுதுங்கள். வாங்கவில்லை என்றால்: பிகாஸ் தி பிரைஸ் வாஸ் டூ லோ, தி கம்பெனி ரெஃப்யூஸ்டு தி லோட். வாங்கினீர்கள் என்றால்: தி கம்பெனி பாட் தி லோட் ஃபார் இட்ஸ் குவாலிட்டி, நாட் ஃபார் இட்ஸ் பிரைஸ்.

---

ப்ரூஃப் மேசை:

7-இல் முதல் கமா போட்டவர் இரண்டாவதை மறந்துவிட்டார். "கார்ட்டன்" முடிந்ததும் ஒரு கமா வேண்டும். இந்தத் தப்பு நீள வாக்கியத்தில்தான் வரும். நடுவில் எண்ணும் பேக்கிங் விவரமும் வந்து கவனத்தை இழுத்துக்கொள்ளும். சரிபார்க்கும்போது கமா இரண்டையும் மனதுக்குள் அடைப்புக்குறியாக மாற்றிக்கொள்ளுங்கள். திறந்த அடைப்புக்குறியை மூடாமல் விட்டால் உடனே உறுத்தும், மூடாத கமா உறுத்தாது.

8-இல் "40 ஃபார்மர்ஸ்" முடிந்ததும் கமா. மோஸ்ட் ஆஃப் ஹூம், சம் ஆஃப் விச், நன் ஆஃப் ஹூம் என்று அளவுச் சொல்லோடு வரும் இந்த வகைக்கு முன்னால் எப்போதுமே கமாதான், யோசிக்கத் தேவையில்லை.

2-இல் "தி"யை எடுத்துவிட்டு கிரேட்ஸ் என்று தொடங்கியிருப்பது நல்லது. பழைய வாக்கியத்தில் "தி கிரேட்ஸ்" என்றதும் எந்த கிரேட் என்று முன்பே பேசி வைத்ததுபோல் ஒலித்தது. 6-இல் "ஆல்" போட்டிருக்கிறீர்கள். காலி வண்டி, லோடு வண்டி என்று இரண்டு எடை என்றால் "ஒன்ஸ் லோடட் அண்ட் ஒன்ஸ் எம்ப்டி" என்று சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் லோடு வண்டியையே இரண்டு தடவை ஏற்றுவதாகப் படிப்பார்கள்.

---

ஓசூர் டாக்குமெண்ட்:

3-இல் ஒரு சின்ன விஷயம். இன்று ஒரு ஃபேக்டரி, கமா சரி. அடுத்த சீசனில் இன்னொன்று எடுத்தால் இதே படிவத்தைத் தேதி மட்டும் மாற்றிப் பிரிண்ட் போடுவார்கள், கமா அப்படியே நிற்கும். "தி காவேரிப்பட்டினம் ஃபேக்டரி ரன்ஸ் ஃப்ரம் மே டு ஜூலை" என்று எழுதிவிட்டால் எத்தனை ஃபேக்டரி வந்தாலும் வாக்கியத்தைத் தொட வேண்டியதில்லை.